தொலைவில் நின்று ஆண்ட நடுக்களம்

சதுரங்கம் பயிலும் மாணவனுக்கு ஆசான் முதலிற் சொல்லும் பாடம், பலகையின் நடுவிலுள்ள நான்கு கட்டங்களைக் காலாட்களால் கைப்பற்ற வேண்டும் என்பதே. செருமானிய ஆட்ட வல்லுநர் தாரஷ் இதனை ஏறக்குறைய வேதமாகவே ஓதிவந்தார். அந்த வேதத்தை ஐயுற்றவர்களுள் ஒருவர் ரிச்சர்டு ரேட்டி. 1889ஆம் ஆண்டு அன்றைய ஆஸ்திரிய ஹங்கேரியிற் பிறந்தவர். நடுக்களத்திற் குடியேறாமலே அதனை ஆளலாம். எதிரி அங்கே நிறுத்தும் காலாட்களே பின்னர்த் தாக்குதலுக்கு இலக்காகும் என்பது அவர் கொள்கை. 1922இல் நூலாகவும் எழுதினார். எழுதுவது எளிது, ஆடிக் காட்டுவதன்றோ அரிது!

1924 மார்ச்சில் நியூயார்க் போட்டியில் அவர் எதிரே அமர்ந்தவர் உலக வெற்றிவீரர் காபாபிளாங்கா. எட்டு ஆண்டுகளாகப் போட்டி ஆட்டம் எதிலும் தோல்வி காணாதவர்.

வெள்ளைக் காய்களுடன் ஆடிய ரேட்டி முதலிற் குதிரையை வெளிக்கொணர்ந்தார். பின்னர் அரசிப் பக்கத்தில் அமைச்சருக்கும் குதிரைக்கும் முன்நின்ற காலாட்களை ஒவ்வொன்றாக இரு கட்டம் நகர்த்தினார். அமைச்சர் இருவரும் ஓரங்களில் ஒதுங்கி, நெடிய மூலைவிட்டங்களை நோக்கி அமர்ந்தனர். இதனையே பக்கவாட்டுத் தொடக்கம் என்பர். ஒன்பதாம் நகர்த்தலிற் கருப்பின் அரசக் காலாள் நடுவிற்கு வந்து நின்றது. ரேட்டி பதறவில்லை. 16ஆம் நகர்த்தலில்தான் அவருடைய அரசியின் காலாள் நான்காம் வரிசைக்கு ஏறியது. அத்துணைப் பொறுமை!

அதன்பின் நிகழ்ந்தவை விரைவானவை. ஓரத்திற் காத்திருந்த அமைச்சர் தம்மைக் கொடுத்துக் கருப்பரசனின் காவல் அமைச்சரை நீக்கினார். அடுத்த நகர்த்தலிலேயே வெள்ளை அரசி அதே மூலைவிட்டத்தில் வந்து 'செக்' வைத்தாள். திறந்த நடுவழியில் இரு யானைகளும் அணிவகுத்தன. 31ஆம் நகர்த்தலில் யானையொன்று கருப்பு அரசியைத் தாக்க, காயிழப்புத் தவிர்க்க இயலாதெனக் கண்ட காபாபிளாங்கா ஆட்டத்தைக் கைவிட்டார்.

இவ்வொரு வெற்றியால் தாரஷின் பாடம் பொய்யாகிவிடவில்லை. கருப்பு தொடக்கத்திலேயே வீழ்ந்துவிடவும் இல்லை. பழைய பாடம் ஒன்றே வழியன்று என்பது மட்டும் பலகையின்மீது மெய்ப்பிக்கப்பட்டது. இத்தொடக்கத்தை ஆடும் இளைஞர் பலர் முதற் பாதியைப் பார்த்து ஆடிவிடுகின்றனர்; காலாளை ஏற்ற வேண்டிய பொழுதைத் தவறவிடுகின்றனர்.

அப்போட்டியில் 55 வயது லாஸ்கர் முதலிடமும், காபாபிளாங்கா இரண்டாமிடமும் பெற்றனர். ரேட்டிக்கு ஐந்தாமிடமே வாய்த்தது. எனினும், போகல்யூபோவை எதிர்த்துப் பக்கவாட்டுத் தொடக்கத்தாலேயே அவர் 25 நகர்த்தல்களில் வென்ற ஆட்டம், அப்போட்டியின் முதல் அழகுப் பரிசை அவருக்கு ஈட்டித் தந்தது.