அக்கரை ஊரில் கணினி வைத்தியம்

பினாங்குக்குப் பயணம் என்றதும் நம்மவர் மனத்தில் தீவுதான் தோன்றும். கொடிமலை, தண்ணீர்மலை முருகன் கோயில், கடற்கரை, படகு என்று வரிசையாகச் சொல்வார்கள். பாலத்தில் ஏறுவதற்குச் சற்று முன்னால், பெருநிலத்துப் பக்கம் இருக்கும் செபராங் ஜெயாவைப் பார்ப்பதற்கென்றே புறப்பட்டு வந்தவர் எவரையும் நான் சந்தித்ததில்லை. மலாய் மொழியில் 'செபராங்' என்றால் அக்கரை. தீவிலே நின்றுகொண்டு பார்த்தவர்கள் வைத்த பெயராக இருக்க வேண்டும். தென் செபராங் பிறைத் தோட்டத்துக்காரர்களான எங்களுக்கு அது இக்கரைதான்!

1970களில் பினாங்கு வளர்ச்சிக் கழகம் உருவாக்கத் தொடங்கிய புதுநகர் இது. பழைய ஊருக்குள்ள வளைவு நெளிவுகள் இங்கே குறைவு. ஆனால் தெருப்பெயர்களில் ஒரு வேடிக்கை உண்டு. பல தெருக்களுக்கு மீன் பெயர். ஜாலான் தெங்கிரி, ஜாலான் சியாக்காப், ஜாலான் கெராப்பு, ஜாலான் தோடாக்! வழி கேட்டால், சந்தையில் மீன் விலை விசாரிப்பது போலவே இருக்கும். அரசாங்க மருத்துவமனை இங்கே இருக்கிறது. 2007-இல் திறந்த பெரிய பேரங்காடியும் இருக்கிறது. உயர்ந்த இராஜகோபுரத்தோடு அருள்மிகு கருமாரியம்மன் ஆலயம் நிற்கிறது. மருத்துவமனைக்கு வருகிறவர்கள் அம்மனையும் தரிசித்துவிட்டுத்தான் ஊர் திரும்புவார்கள்.

2025 டிசம்பர் பள்ளி விடுமுறையில் நான் அங்கே போனது ஒரு பழைய கணினியைத் தூக்கிக்கொண்டு. என் பழைய மாணவன் ஒருவன், இப்போது நான்காம் படிவத்துப் பையன், கூட வந்தான். அவனுடைய பாட்டியும் வந்தார். பாட்டிக்கு மருத்துவமனையில் கண் பரிசோதனை; ஆகவே ஒரே பயணத்தில் இரண்டு வைத்தியம்.

அந்தக் கணினி 2021-இல், நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில், வீட்டிலிருந்து படிப்பதற்காக வாங்கியது. எங்கோ ஓர் அலுவலகத்தில் உழைத்து ஓய்வு பெற்ற பெட்டி, 350 வெள்ளி. பாடத்துக்கு அது போதும். விளையாட்டுக்குத்தான் போதவில்லை. பையன் நண்பர்களோடு சேர்ந்து, ஐவருக்கு ஐவர் மோதும் ஆட்டம் ஆடுகிறான். எதிரி மூலையில் தலைகாட்டும் நேரத்தில் இவனுடைய திரை நின்று விடுகிறது. மறுபடி அசையும்போது இவன் செத்துக் கிடக்கிறான். கூட்டாளிகள் இவனைச் சேர்த்துக்கொள்ளத் தயங்குகிறார்கள். பதினாறு வயதில் இது சிறிய துக்கமா? இல்லை என்றே நான் நினைக்கிறேன்.

அவன் தேர்ந்தெடுத்து வைத்திருந்த புதுக்கணினியின் விலை 4,200 வெள்ளி. இரண்டு வருடத் தவணை. அப்பா செம்பனைக் குலை லோரி ஓட்டுகிறார். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது உண்மைதான்; அந்தக் கணக்கிலும் ஏறக்குறைய இரண்டரை மாதச் சம்பளம். தவணைத் தாளில் அப்பாவின் கையெழுத்துக்காகப் பையன் காத்திருந்தபோதுதான் விஷயம் என் காதுக்கு வந்தது. பள்ளிக்கூடத்துக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது என்பதால், "வாத்தியாரே, ஒரு வார்த்தை பாத்துச் சொல்லுங்க" என்றார் பாட்டி.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். அந்தக் காலத்தில் பால் வெட்டுகிறவர் எவ்வளவு சுறுசுறுப்பாக வெட்டினாலும், பால் நிறுக்கும் இடத்தில் வரிசை நின்றால் வீடு திரும்ப நேரமாகும். அப்போது புதுக் கத்தி வாங்கி என்ன பயன்? கணினியும் அப்படியே. செயலி கணக்குப் போடுகிறது, கிராபிக்ஸ் கார்டு படம் வரைகிறது, ரேம் கைக்கெட்டிய தூரத்தில் சாமான்களை வைத்திருக்கிறது, ஹார்ட் டிஸ்க் கிடங்காக இருக்கிறது. இவற்றில் எது மற்றவற்றைக் காக்க வைக்கிறதோ, அதை மட்டும் மாற்றினால் போதும்.

அதைக் கண்டுபிடிக்கக் காசு செலவில்லை. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்ற மூன்று பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். ஒவ்வோர் உறுப்பும் நூற்றுக்கு எவ்வளவு உழைக்கிறது என்று அதில் தெரியும். பையனின் கணினியில் செயலி பாதி பலத்தில் ஓய்வாக இருந்தது. செயலிக்குள்ளேயே அடங்கிய சிறு வரைகலைப் பகுதி நூற்றுக்கு நூறு திணறிக்கொண்டிருந்தது. ரேம் நிரம்பி வழிந்தது. ஆட்டம் தொடங்கும்போது ஹார்ட் டிஸ்கும் நூறைத் தொட்டது. ஆக, பெட்டியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை.

செபராங் ஜெயாவில் நாங்கள் போன கடையில், கண்ணாடிச் சுவரும் வண்ண விளக்குமாகப் புதுக்கணினிகள் தீபாவளி கொண்டாடிக்கொண்டிருந்தன. பையனின் கண் அங்கேயே நின்றுவிட்டது. விளக்குக்கும் வேகத்துக்கும் சம்பந்தம் கிடையாது என்று காதோடு சொல்லி வைத்தேன். தவுக்கே நல்ல மனிதர். புதுசை ஒரு முறை காட்டினார். நாங்கள் பழைய பெட்டியை மேசையில் வைத்ததும் மறுபேச்சில்லாமல் திருகாணிகளைக் கழற்றத் தொடங்கினார்.

உள்ளே எங்கள் தோட்டத்துச் செம்மண் புழுதி! காற்றாடியின் இறக்கைகளில் அப்பிக் கிடந்தது. சூடு ஏறினால் செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் எந்த மேம்பாட்டுக்கும் முன்னால் தூசி தட்டுவதுதான் முதல் வேலை. தவுக்கே காற்றாடியைக் கழற்றி, காய்ந்து கட்டியாகிப்போன வெப்பப் பசையைத் துணியால் துடைத்தார். அடியில் செயலியின் வெள்ளி நிற மூடி பளிச்சென்று தெரிந்தது. அதில் இண்டெல் ஐ5-4570 என்ற பெயரும், கீழே 'மலாய்' என்ற சொல்லும் பொறித்திருந்தன. மலேசியாவில் பூட்டிய சரக்கு என்பதற்கு அடையாளம். பரிசோதனை முடிந்து வந்திருந்த பாட்டி, மூக்குக் கண்ணாடியை உயர்த்திக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இது நம்ம பக்கத்துச் சாமான்ல!" என்றார்.

பையனுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

1969-இல் ஜார்ஜ் டவுன் சுங்கவரியில்லாத் துறைமுகம் என்ற தகுதியை இழந்தது. வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியது. அந்த ஆண்டு முதலமைச்சரான லிம் சோங் இயூ, மின்னணுத் தொழிற்சாலைகளை வரவழைப்பதே வழி என்று கண்டார். 1972-இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக மண்டலம் பிறந்தது. இண்டெல், ஏ.எம்.டி., நேஷனல் செமிகண்டக்டர், ஹிட்டாச்சி முதலிய கம்பெனிகள் வந்தன. அமெரிக்காவுக்கு வெளியே இண்டெல் அமைத்த முதல் பூட்டு ஆலை, வயலாக இருந்த அந்த மண்ணில்தான் எழுந்தது. 1975 மே முதல் நாள் தீப்பற்றி அது எரிந்தும் போயிற்று. மறுபடி கட்டி எழுப்பினார்கள். 1990களில் கிழக்கே கூலிமிலும் ஓர் ஆலை வந்தது. செபராங் ஜெயாவில் நின்றால் மேற்கே பாலம் பாயான் லெப்பாஸுக்கு. கிழக்கே விரைவுச்சாலை கூலிமுக்கு. பையனின் செயலி இவ்விரண்டில் ஏதாவது ஒரு பக்கத்திலிருந்துதான் உலகத்துக்குப் புறப்பட்டிருக்கும். உலகத்தைச் சுற்றி, யாரோ ஓர் அலுவலக மேசைக்கடியில் இருந்துவிட்டு, மறுபடி நம் தோட்டத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

பாட்டி 1978-இல், பதினேழு வயதில், அக்கரையில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனவர். பாலம் 1985-இல்தான் திறந்தார்கள். அதுவரை தோட்டத்திலிருந்து பஸ், பட்டர்வொர்த்தில் படகு, அக்கரையில் மறுபடி பஸ். நாள் முழுவதும் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லோடு இணைக்கும் வேலை.

"மூடி போட்டுட்டா யாருக்குத் தெரியும்? உள்ள ஒரு கம்பி விட்டாலும் சாமான் செத்துப்போச்சு" என்று பேரனிடம் சொன்னார். (இந்தச் செயலியில் தங்கக் கம்பி இல்லை, சில்லைக் கவிழ்த்து நுண்ணிய ஈயப் புள்ளிகளில் ஒட்டும் முறை பிறகு வந்துவிட்டது. அதைச் சொல்லி அவர் பேச்சைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.) பையன் அந்த மூடியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பாட்டி அங்கே வேலை செய்தார் என்பது அவனுக்குத் தெரியும். என்ன வேலை என்று அதுவரை அவன் கேட்டதில்லை.

இனி வாங்கிய சாமான்களுக்கு வருவோம். கிராபிக்ஸ் கார்டுதான் முக்கியம். அலுவலகக் கணினிகளில் மின்சாரப் பெட்டி சிறியது. இதில் 290 வாட். பெரிய கார்டு போட்டால் தாங்காது. ஆகவே தனி மின்கம்பி கேட்காத, 75 வாட்டுக்குள் அடங்கும் கார்டாகத் தேட வேண்டும். தவுக்கே பழைய ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ.யையும் 1650-ஐயும் எடுத்து வைத்தார். முன்னது மலிவு. ஆனால் அந்தத் தலைமுறைக் கார்டுகளுக்குப் புது ஆட்டங்களுக்கான மென்பொருளை 2025 அக்டோபரோடு நிவிடியா நிறுத்திவிட்டது. அதனால் 1650-ஐ எடுத்தோம், 380 வெள்ளி. ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி., 180 வெள்ளி. ரேமில் எங்களுக்கு அதிர்ஷ்டம். செயற்கை அறிவுக் கூடங்கள் அள்ளிக்கொண்டதால் 2025 இறுதியில் புது ரேம் விலை மளமளவென்று ஏறியிருந்தது. இந்தக் கணினி கேட்பதோ பழைய டி.டி.ஆர்.3 வகை, அதைச் சீண்டுவார் இல்லை! பயன்படுத்திய 8 ஜி.பி. துண்டு 40 வெள்ளிக்குக் கிடைத்தது. ஏற்கெனவே இருந்ததோடு இதைச் சேர்த்துச் சரியான இரு துளைகளில் இட்டதும், ஒற்றையடிப் பாதை இருவழிச் சாலை ஆகிவிட்டது. பசையும் துப்புரவும் 15 வெள்ளி. ஆக மொத்தம் 615 வெள்ளி. பாட்டி சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

கடையிலேயே ஆட்டத்தை ஓட்டிப் பார்த்தோம். முன்பு வினாடிக்கு இருபது, இருபத்தைந்து படம் வந்த இடத்தில் இப்போது அறுபதுக்கு மேல் நின்றது. பையனின் மானிட்டர் வினாடிக்கு 60 முறைதான் படத்தைப் புதுப்பிக்கும். அதற்கு மேல் எவ்வளவு காசு கொட்டினாலும் அந்தத் திரையில் தெரியப்போவதில்லை. "இப்ப நான் செத்தா, அது என் தப்புதான் சார்" என்றான் பையன்.

ஒரு குறை மட்டும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு பழைய செயலியை விண்டோஸ் 11 ஏற்பதில்லை; விண்டோஸ் 10-க்கோ வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆகவே இந்தக் கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்கக் கூடாது என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். ஆட்ட நேரத்துக்கு அப்பா தனியாக ஒரு சட்டம் போட்டிருக்கிறார். அது அவர்கள் வீட்டு விவகாரம்.

நீங்களும் போவதாக இருந்தால், பெட்டியையே எடுத்துச் செல்வது நல்லது. முடியாவிட்டால் மின்சாரப் பெட்டியின் மேலுள்ள சீட்டைப் படமெடுத்து, பெட்டிக்குள் கார்டு வைக்க எத்தனை அங்குல இடம் இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். பழைய கார்டு வாங்கினால் கால் மணி நேரமாவது கடையிலேயே ஆட்டத்தை ஓட்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். நீங்களே மூடியைத் திறப்பதானால், சுவிட்சை அடைத்து, மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, உள்ளிருக்கும் சாமான்களைத் தொடுமுன் பெட்டியின் இரும்பை ஒரு முறை தொடுங்கள். உடம்பில் தேங்கிய நிலைமின்சாரம் சில்லைக் கொன்றுவிடும். இடி மின்னல் நேரத்தில் எல்லாக் கம்பிகளையும் பிடுங்கி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சில கடைகள் அடைத்திருக்கும். சனிக்கிழமை காலையிலேயே போய்விடுங்கள்.