கடன் வாங்கிய கோட்

அப்பா இறந்த மறுநாள் காலை ஸ்டூடியோக்காரர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, கோட் போட்டுடலாமா?"

என் கையில் அப்பாவின் ஐசி இருந்தது. கைப்பேசியில் நான்கைந்து படங்களும் இருந்தன. எதிலும் அவர் நேராகப் பார்க்கவில்லை. ஒன்றில் லோரிக் கதவைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார், பாதி முகத்தில் நிழல். இன்னொன்றில் யாரோ வீட்டுக் கல்யாணப் பந்தியில் குனிந்து சாப்பிடுகிறார். மாலை போட்டு மாட்ட அது எதுவும் ஆகாது என்றார்கள். கடைசியில் ஐசி படத்தைத்தான் பெரிதாக்கினோம். அதில் கழுத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை. ஸ்டூடியோக்காரர் கணினியில் ஒரு கோப்பைத் திறந்தார். கறுப்பு, சாம்பல், நீலம் என்று தலையில்லாத கோட்கள் வரிசையாக நின்றன. நான் கறுப்பைக் காட்டினேன்.

எங்கள் வீட்டுச் சுவரில் தாத்தாவும் அப்படித்தான் இருக்கிறார். கெடாவில் ஒரு தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். படத்தில் கோட், டை. அந்தக் காலத்து ஸ்டூடியோவில் தூரிகையால் வரைந்தது. சின்ன வயதில் தாத்தா ஏதோ பெரிய ஆபீசர் என்றே நினைத்திருந்தேன். அவர் வாழ்நாளில் கோட்டைத் தொட்டதுகூட இல்லை என்று அப்பாதான் ஒருநாள் சொன்னார். இப்போது அப்பாவும் அவருக்குப் பக்கத்தில் கோட் போட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு அது உறுத்தியது. பொய் சொல்லிவிட்ட மாதிரி இருந்தது.

நான் பினாங்கில் ஒரு தொழிற்சாலையின் அளவீட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் படித்த மெக்கானிக்கல் எஞ்சினியர். வரைபடத்தில் இருப்பதும் கையில் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்ப்பதுதான் வேலை. மைக்ரோன் பிசகினாலும் பொருளை ஒதுக்கிவிடுவோம். சில மாதங்களுக்கு முன் புதிதாக ஒரு முப்பரிமாண ஸ்கேனர் வந்தது. அதை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்துகிறார்கள் என்று நைட் ஷிப்டில் தேடியபோதுதான் ஜார்ஜ் வாஷிங்டனின் முகம் வந்தது. அவர் வாழ்ந்த மவுன்ட் வெர்னனுக்காக அவரை 19, 45, 57 வயதுகளில் காட்டும் உருவங்கள் செய்திருக்கிறார்கள். அதற்கு ஆதாரமாக ஸ்கேன் செய்யப்பட்டவற்றில் முக்கியமானவை ழான் அந்துவான் ஊடோன் என்ற பிரெஞ்சுச் சிற்பி 1785இல் அவர் முகத்தில் நேரடியாக எடுத்த சாந்து அச்சும், அதோடு செய்த சிற்பங்களும்.

இதைத் தொடர்ந்து போய் அமெரிக்க ஆவணக் காப்பகத்தின் 'பவுண்டர்ஸ் ஆன்லைன்' தளத்தில் விழுந்தேன். வாஷிங்டன், ஜெபர்சன், ஆடம்ஸ், பிராங்ளின் போன்றவர்களின் கடிதங்களும் குறிப்புகளும் லட்சத்துக்கு மேல் அங்கே இலவசமாகக் கிடக்கின்றன. அரசியல் சாசனம், போர், கடன் என்று பெரிய விஷயங்கள்தான் அதிகம். நான் தேடியது ஒரே ஒரு சிலையின் கதை. அது முழுக்கக் கடிதங்களிலேயே நடக்கிறது.

1784இல் வர்ஜீனியா சட்டமன்றம் வாஷிங்டனுக்குச் சிலை வைக்கத் தீர்மானிக்கிறது. ஆளுநர் பெஞ்சமின் ஹாரிசன் பாரிசுக்குப் போன ஜெபர்சனுக்கு எழுதுகிறார்: நல்ல சிற்பியாகப் பாருங்கள், பார்த்துச் செய்ய ஓவியம் ஒன்று அனுப்பி வைக்கிறோம். நம் ஸ்டூடியோக்காரரிடம் ஐசி கொடுக்கிற மாதிரிதான். ஆனால் ஊடோன் ஒத்துக்கொள்ளவில்லை. படத்தைப் பார்த்துச் சிலை செய்ய முடியாது, ஆளைப் பார்க்க வேண்டும் என்கிறார். ஆளோ அட்லான்டிக் கடலுக்கு அந்தப் பக்கம். வழியில் செத்துவிட்டால் குடும்பத்துக்கு என்ன வழி என்று உயிருக்குக் காப்புறுதி கேட்கிறார். ஜெபர்சன் அதற்காக லண்டனில் இருந்த ஜான் ஆடம்ஸுக்கு எழுதுகிறார். பிற்காலத்தில் அமெரிக்க அதிபர்களான இரண்டு பேர் ஒரு சிற்பியின் இன்சூரன்ஸுக்காகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்ததை அன்றிரவு இரண்டு தடவை படித்தேன்.

பிராங்ளினுடன் கப்பலேறிப் போன ஊடோனின் கருவிகள் அவரோடு வந்து சேரவில்லை. பிலடெல்பியாவில் புதிதாக வாங்கிக்கொண்டு, அக்டோபர் 2ஆம் தேதி இரவு, வீட்டில் எல்லாரும் படுத்த பிறகு மவுன்ட் வெர்னனுக்குப் போய்ச் சேருகிறார். கூட மூன்று உதவியாளர்கள். ஏறக்குறைய இரண்டு வாரம் தங்கி முகத்தை அச்செடுக்கிறார், களிமண்ணில் மார்பளவுச் சிலை செய்கிறார், உடம்பை அளக்கிறார். சாந்து தயாரிக்கும் முறையை வாஷிங்டன் தன் டைரியில் பொறுமையாக எழுதி வைத்திருக்கிறார். அந்த இடம் எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் அளவீட்டு அறைக்கு வந்திருந்தால் மனுஷன் நிறைய கேள்வி கேட்டிருப்பார். அப்போது ஆறு வயதாயிருந்த பேத்தி நெல்லி, தாத்தா முகமெல்லாம் வெள்ளை பூசிப் பிணம் போலக் கிடந்ததைப் பார்த்துப் பயந்துபோனதை வயதான காலத்திலும் மறக்கவில்லை.

அடுத்து வருவது உடைப் பிரச்சினை. அந்தக் காலத்தில் பெரிய மனிதருக்குச் சிலை என்றால் ரோமானியர் மாதிரி அங்கி போர்த்துவது வழக்கம். எது வேண்டும் என்று ஜெபர்சன் கேட்கிறார். 1786 ஆகஸ்ட் 1ஆம் தேதி வாஷிங்டன் பதில் எழுதுகிறார். எனக்குச் சிற்பக்கலை தெரியாது, கலைஞர்களின் தீர்ப்புக்கு எதிராகப் பேசவும் விருப்பமில்லை என்று ஆரம்பித்து, பழங்கால உடையை அப்படியே பின்பற்றாமல் இந்தக் காலத்து உடைப் பக்கம் கொஞ்சம் சாய்ந்தால் நன்றாயிருக்குமே என்று மெதுவாகச் சொல்கிறார். அது நடந்தது. ரிச்மண்டில் வர்ஜீனியா சட்டமன்றக் கட்டடத்துக்குள் 1796இல் நிறுவிய பளிங்குச் சிலையில் அவர் தன் ராணுவச் சீருடையில், கையில் கைத்தடியோடு நிற்கிறார். பின்னால் ஒரு ஏர்.

படித்ததும் எனக்கு அப்பாவின் கறுப்புக் கோட்தான் ஞாபகத்துக்கு வந்தது. பார், அந்த ஆள் தான் போட்ட உடையிலேயே நிற்கிறேன் என்று சொல்லியிருக்கிறார், நான் அப்பாவுக்கு அந்த மரியாதைகூடக் கொடுக்கவில்லையே என்று மனசு கனத்தது. அந்த வாரம் வீட்டுக்குப் போனபோது அம்மாவிடம் சொன்னேன். "ம்மா, அப்பா படத்த மாத்திடலாமா? லோரிகிட்ட நிக்கிறாருல்ல, அத."

அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கோட்டுல என்ன கொறச்சல் ஒனக்கு? உசுரோட இருக்கறப்ப போட முடியல. படத்துலயாச்சும் போட்டுட்டுப் போறாரு."

"அவரு போட்டதே இல்லியேம்மா. பொய்தானே அது?"

"எது பொய்யி? ஒனக்குக் கான்வகேஷனுக்கு அங்கி குடுத்தாங்களே, அது ஒன்னோடதா? வாடகதானே? படம் புடிச்சு மாட்டலியா?"

எனக்குப் பதில் வரவில்லை. அந்தப் படமும் அதே சுவரில்தான் இருக்கிறது.

பினாங்குக்குத் திரும்பியதும் மறுபடியும் கடிதங்களுக்குள் போனேன். முதல் தடவை நான் சரியாகப் படிக்கவில்லை என்று தோன்றியது. இந்த முறை இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன.

ஒன்று, அந்தப் பளிங்கு உடம்பு. 1789இல் பாரிசுக்கு வந்திருந்த கூவர்னர் மாரிஸ் என்ற அமெரிக்கர், வாஷிங்டன் சிலைக்காகத் தான் ஊடோனின் பட்டறையில் நின்று கொடுத்ததைத் தன் டைரியில் கேலியாக எழுதியிருக்கிறார். கடல் தாண்டிப் போய் அளந்து வந்த சிற்பிக்கும் கழுத்துக்குக் கீழே இன்னொருவர் தேவைப்பட்டிருக்கிறார்.

இன்னொன்று வாஷிங்டனின் டைரியிலேயே இருக்கிறது. ஊடோன் போய் நான்கு மாதம் கழித்து, 1786 பிப்ரவரியில், தன் பண்ணைகளில் இருந்த அடிமைகளை ஒவ்வொருவராக எழுதி வைத்திருக்கிறார். மொத்தம் 216 பேர். பெயர், எந்தப் பண்ணை, என்ன வேலை, பிள்ளைகளாக இருந்தால் வயது. அவ்வளவுதான். ஊடோன் தங்கியிருந்த இரண்டு வாரமும் அந்த வீட்டில் சமைத்தவர்களும் தண்ணீர் சுமந்தவர்களும் இந்தப் பட்டியலில்தான் இருக்க வேண்டும். ஒரே வீடு. ஒரு முகத்தைச் சாந்தில் எடுக்கப் பெருங்கடல் தாண்டி ஆள் வந்தது. இத்தனை பேருக்கு ஒரு வரி.

தாத்தா அடிமை இல்லை. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது அந்த 216 பேருக்குச் செய்கிற அநியாயம். ஆனால் விடிவதற்கு முன் பெரட்டுக் களத்தில் நின்று, கிராணி கூப்பிட்டதும் குரல் கொடுத்த ஆள் அவர். தோட்டத்தைப் பொறுத்தவரை தாத்தா செக்ரோலில் ஒரு பெயர், பக்கத்தில் நாள் கணக்கு. அந்தப் புத்தகமும் இன்று எங்கே என்று யாருக்கும் தெரியாது.

எனக்கு இப்போது புரிவது இதுதான். சாதாரண உடையில் நிற்கிறேன் என்று சொல்ல வாஷிங்டனால் முடிந்தது, ஏனென்றால் எந்த உடையில் நின்றாலும் அவர் வாஷிங்டன்தான். அவர் எழுதியதும் அவருக்கு எழுதியதும் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. எளிமை அவருக்குப் பெருமை சேர்த்தது. தாத்தாவின் எளிமையை யார் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள்? பால் வாளியோடு, ரப்பர்ப் பால் கறை படிந்த சட்டையோடு அவரைப் பார்க்கத்தான் உலகம் பழகியிருந்தது. அதனால் அப்பா அவருக்கு ஒரு கோட் வாங்கிக் கொடுத்தார், வரைந்த கோட்தான் என்றாலும். பொய் என்று நான் ஒதுக்க நினைத்தது, ஒரு மகனின் ஆசை. அளவுக் கருவியில் அது வராது.

அதற்காக எல்லாக் கோட்டும் நியாயம் என்றும் சொல்ல மாட்டேன். சுவரில் இருக்கும் அப்பாவை என்னால் இன்னமும் நேராகப் பார்க்க முடியவில்லை. தோள் அகலம் அவருடையது இல்லை. அவருக்கு இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும், முப்பது வருசம் லோரி ஓட்டியவர். ஊடோன் வந்திருந்தால் அதை முதலில் அளந்திருப்பார்.

போன மாதம் லோரிப் படத்தை நானே பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். கோட் படத்தைக் கழற்றவில்லை. இதை எங்கே வைப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ரெண்டாவது பட்டன் இல்ல பாரு. குடுங்க தச்சுத் தரேன்னு எத்தன வாட்டி சொன்னேன். கேட்டாத்தானே."

படத்தை அடுப்படி அலமாரியில், உப்பு டின் பக்கத்தில் சாய்த்து வைத்தார். இப்போதும் அங்கேதான் இருக்கிறது.