இந்த நாம்பன் கன்று என்ன இனம்?

 

பக்கத்து லயத்து அண்ணன் ஒருவர் தன் நாம்பன் கன்றை விற்கப் போகிறார். ஒரு கிழமையாக நானுஓயாவில் எங்கள் பக்கம் இதே பேச்சுத்தான். நாங்களும் நாலு பேர் போய்ப் பார்த்தோம். கருப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளைப் பொட்டு, அடிவயிறு வெள்ளை, தோளுக்கு மேலே சின்னத் திமில். ஒருவர் பிரீசியன் என்றார், இன்னொருவர் ஜேர்சி என்றார். விலை பேச வந்த யாவாரியோ "இது வெறும் நாட்டு மாடு" என்றார். அப்படிச் சொன்னால்தானே விலை இறங்கும்!

மலைநாட்டில் துரைமார் காலத்திலிருந்தே ஐரோப்பிய மாடுகள் இருக்கின்றன. நம் ரயில் பாதையிலேயே அம்பேவெலப் பண்ணை இருக்கிறது. போதாததற்குச் சினை ஊசி வேறு. ஆகவே லயத்து மாடுகளில் கலப்பில்லாதது அபூர்வம்.

நாங்கள் பார்க்கும் அடையாளங்கள் இவை. கருப்பு வெள்ளைத் திட்டு என்றால் பிரீசியன். செம்பழுப்பு வெள்ளைத் திட்டு என்றால் அயர்ஷயர். மான் நிறம், குழிந்த முகம், பெரிய கண், கருத்த மூக்கைச் சுற்றி வெளிர் வளையம் என்றால் ஜேர்சி. திமிலும், கழுத்துக்குக் கீழே தொங்கும் தோலும் இருந்தால் நாட்டு மாடோ சாஹிவாலோ கலந்திருக்கிறது. அசல் ஐரோப்பிய மாட்டுக்குத் திமில் கிடையாது.

அதனால் இது பிரீசியனும் திமில் மாடும் கலந்தது என்பது எங்கள் ஊகம். பெரிய உடம்பும் குளிர் தாங்குவதும் ஒரு பக்கத்துச் சொத்து. உண்ணியைத் தாங்கி, கிடைத்த புல்லில் தேறுவது மறுபக்கத்துச் சொத்து. எத்தனை வீதம் என்று கண்ணால் சொல்ல முடியாது. தாயே கலப்பு என்றால், ஒரே தாய்க்கும் தகப்பனுக்கும் பிறந்த இரண்டு கன்றுகள் கூட ஒன்றுபோல இருக்காது.

இதை ஏன் எழுதுகிறோம் என்றால், உழ்ஹிய்யாவுக்கு மாடு பார்ப்பவர்கள் உடம்பைப் பார்த்து ஏமாறக்கூடாது. உழ்ஹிய்யாவுக்கு இனம் நிபந்தனையல்ல. குறையில்லாத மாடாக, 2 வயது பூர்த்தியானதாக இருக்க வேண்டும். நன்றாகத் தேறிய கலப்புக் கன்று 15 மாதத்திலேயே முழு நாட்டு மாடு அளவுக்கு நிற்கும். வாயைத் திறந்து பாருங்கள். கீழ் முன்வரிசையில் பால் பல் விழுந்து இரண்டு பெரிய பல் வருவது ஏறக்குறைய 2 வயதில்தான். நாட்டு மாட்டில் இன்னும் பிந்தும். சினை ஊசித் துண்டு இருந்தால் தகப்பன் இனமும் தெரியும். அந்தத் திகதியோடு சுமார் 280 நாள் கூட்டினால் பிறந்த நாளும் கிட்டத்தட்டத் தெரியும்.

விலைக்கு இனத்தின் பெயர் வேண்டாம், அளவு நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு, தோள் முனையிலிருந்து பின்தொடை எலும்பு வரை நீளம், இரண்டையும் அங்குலத்தில் எடுங்கள். சுற்றளவு × சுற்றளவு × நீளம் ÷ 300 = இறாத்தல். சுற்றளவு 60, நீளம் 50 என்றால் 600 இறாத்தல், அதாவது சுமார் 272 கிலோ உயிர் எடை.

அந்த அண்ணன் மழையிலும் பனியிலும் புல்லறுத்து வளர்த்த மாடு. வாங்குவது நம்மவர்கள். அவர் முன்னாலேயே அளந்து, கணக்கை அவருக்கும் காட்டி, அதற்குரிய விலையைக் கொடுப்போம். அவருக்குச் சேர வேண்டியதைக் குறைத்துக் கொடுத்துவிட்டு எந்த நன்மையை நாம் எதிர்பார்ப்பது?