அக்கா அனுப்பிய லேப்டாப்

2024 ஜனவரி 10, புதன்கிழமை. பாரிஸில் விரல் மரத்துப்போகிற குளிர். புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து படிக்கப் போன அந்தப் பெண், காலை வகுப்புக்குக் குறிப்பெடுக்கும்படி தோழியிடம் சொல்லிவிட்டு, ஓர் எலெக்ட்ரானிக்ஸ் கடை வாசலில் வரிசையில் நின்றாள். அன்றுதான் குளிர்காலத் தள்ளுபடி ஆரம்பம்.

அங்கே தள்ளுபடி என்பது நம் ஊர் ஆடித் தள்ளுபடி மாதிரி கடைக்காரர் நினைத்த நாளில் வைப்பது அல்ல. அதற்கு ‘சொல்த்’ என்று பெயர். ஜனவரியில் ஒன்று, ஜூன் கடைசியில் ஒன்று என்று வருடத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொன்றும் நான்கு வாரம். தேதி சட்டப்படி முடிவாகிறது. வாங்கின விலைக்கும் கீழே நஷ்டத்துக்கு விற்கக் கடைகளுக்குப் பொதுவாக அந்த நாட்களில்தான் அனுமதி. அதனால் வருடம் முழுக்க ஒரு பொருளைப் பார்த்துவைத்துக்கொண்டு, ‘சொல்த்’ வரட்டும் என்று காத்திருக்கிறவர்கள் அங்கே நிறைய.

அவளும் நவம்பரிலிருந்து ஒரு லேப்டாப்பைப் பார்த்து வைத்திருந்தாள். 699 யூரோ. அன்று அந்தச் சீட்டில் 699-ஐ அடித்து, பக்கத்தில் 489 என்று சிவப்பில் எழுதியிருந்தது. மனசுக்குள் கணக்கு ஓடியது. ரூபாயில் சுமார் 44,500. இன்னொரு கணக்கும் ஓடியது. அங்கே குறைந்தபட்சக் கூலி, பிடித்தம் போக, மணிக்கு ஒன்பது யூரோ சொச்சம். அப்படியானால் 53 மணி நேர வேலை. ஞாயிற்றுக்கிழமைக்கு ஆறு மணி நேரம் என்றால் ஒன்பது ஞாயிறு.

லேப்டாப் அவளுக்கு இல்லை, தம்பிக்கு. ஊரில் இன்ஜினீயரிங் முதல் வருடம் சேர்ந்திருந்தான். கல்லூரி லேபில் கிடைக்கிற ஒரு மணி நேரம் போதாமல், நண்பன் வீட்டில் அவன் லேப்டாப் ஓய்கிற வரை காத்திருந்து ப்ரோக்ராம் எழுதிவிட்டு, இரவு பத்தரைக்கு சைக்கிளில் வீட்டுக்கு வருவான். அப்பா மில்லில் இருந்தவர். மில் மூடிய பிறகு ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறார். மகளை அனுப்ப வாங்கிய கல்விக் கடன் வேறு நிற்கிறது. மாதம் 615 யூரோவுக்கு வழி இருக்கிறது என்று காட்டினால்தான் அப்போது மாணவர் விசாவே கிடைக்கும். அதைக் காட்டுவதற்குள் வீட்டில் இருந்த நகையெல்லாம் பேங்குக்குப் போய் வந்துவிட்டது. இந்த நிலையில் தம்பி வாய் திறந்து லேப்டாப் கேட்கவில்லை. ஒருநாள் பேச்சுவாக்கில், “பசங்க எல்லாரும் வீட்லயே பண்ணிட்டு வராங்கக்கா” என்று சொன்னான். அவ்வளவுதான்.

பிரான்ஸில் வெளிநாட்டு மாணவர்கள் வருடத்துக்கு 964 மணி நேரம் வரை வேலை செய்யலாம். அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் லா ஷப்பேல் பகுதியில் ஒரு தமிழ் மளிகைக் கடையில் நின்றாள். முருங்கைக்காய்க் கட்டைப் பிரித்து அடுக்குவது, அரிசி மூட்டையை நகர்த்துவது, கல்லாவில் உட்காருவது. வீட்டில் சொல்லவில்லை. “படிக்கப் போன இடத்துல படிப்பை மட்டும் பாரு” என்று விமானம் ஏற்றும்போதே அம்மா சொல்லியிருந்தாள்.

மூன்று மாதத் தவணையில் வாங்கினாள். மாதம் 163 யூரோ. ஒழுகுகிற ஷூவை மாற்ற வைத்திருந்த பணம் முதல் தவணைக்குப் போனது. வீட்டுக்கு போன் பண்ணி, “ஸ்காலர்ஷிப்ல கொஞ்சம் மிச்சம் இருந்துச்சும்மா, தம்பிக்கு வாங்கிட்டேன்” என்றாள்.

வாங்கியாகிவிட்டது. எப்படி அனுப்புவது? கூரியரில் போட்டால் இந்தியாவில் சுங்கத்தீர்வை கட்ட வேண்டும். கையில் கொண்டுபோனால் அந்தத் தொல்லை இல்லை. பதினெட்டு வயது நிரம்பிய பயணி ஒருவர் ஒரு லேப்டாப்பைத் தீர்வை இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவரலாம். அவள் ஊருக்குப் போகிற உத்தேசம் இல்லை. யாராவது போகிறவர்கள் கையில்தான் கொடுத்தனுப்ப வேண்டும். புதுச்சேரிக்காரர்களுக்கு அது ஒரு பிரச்னையே இல்லை. பாரிஸிலிருந்து மாதம் தவறாமல் யாராவது ஒருவர் ஊருக்குப் போய்க்கொண்டுதான் இருப்பார்கள்.

1954 நவம்பரில் புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான ஒப்படைப்பு நிறைவேறியது 1962 ஆகஸ்ட் 16-ல். அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு அந்த வாய்ப்பு தரப்பட்டது. அப்படி வைத்துக்கொண்ட குடும்பங்கள் இன்றும் ஒரு கால் இங்கே, ஒரு கால் அங்கே என்று வாழ்கின்றன. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்குகிறவர்களை ஊரில் ‘சொல்தா’ என்பார்கள். அவளுடைய தெருவிலும் ஒரு சொல்தா தாத்தா உண்டு. மகன் வீட்டில் இரண்டு மாதம் தங்கிவிட்டு, பிப்ரவரி முதல் வாரம் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

“சொல்த்ல வாங்கினதை சொல்தா கையில குடுத்து அனுப்பறியா?” என்று சிரித்தார். பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்துக்கொண்டார். “பில்லும் உள்ள வை. சென்னையில கேட்டா காட்டணும். ரிப்பேர்னாலும் வேணும்” என்றார். அவள் பில்லை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். அதை யார் படிப்பார்கள் என்று அப்போது யோசிக்கவில்லை.

நான்கு நாள் கழித்து முத்தியால்பேட்டை வீட்டில், பாயை விரித்து அதன்மேல் பெட்டியை வைத்துப் பிரித்தார்கள். அப்பா கடைக்குப் போகாமல் அரை நாள் தங்கினார். பாரிஸிலிருந்து அவள் வீடியோ காலில் இருந்தாள். தம்பி மூடியைத் திறந்தான். முகமெல்லாம் சிரிப்பு. பெயர் அடிக்க ஆரம்பித்தான். திரையில் ஏதோ வந்தது.

“அக்கா, ஏ அடிச்சா க்யூ வருது.”

“பார்த்து அடிடா.”

“பார்த்துத்தான் அடிக்கிறேன். ஏ இருக்க வேண்டிய இடத்துல க்யூ இருக்கு. எம் காணோம். நம்பர் அடிச்சா வேற என்னமோ வருது.”

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அது பிரெஞ்சு கீபோர்டு. நம் ஊரில் முதல் வரிசை க்யூ, டபிள்யூ, ஈ என்று தொடங்கும். அங்கே ஏ, இஸட், ஈ. எம் என்ற எழுத்து எல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். எண்களுக்கும் முற்றுப்புள்ளிக்கும்கூட ஷிஃப்ட் அழுத்த வேண்டும். ப்ரோக்ராம் எழுத நிமிடத்துக்கு நாலு தடவை வேண்டிய சதுர, நெளிவு அடைப்புக்குறிகளுக்கு இரண்டு விசையைச் சேர்த்து அழுத்த வேண்டும். ஒன்றரை வருடமாகப் பல்கலைக்கழகத்தில் அதிலேயே அடித்து அவள் விரல் பழகிவிட்டது. கடையில் திரையைப் பார்த்தாள், மெமரியைப் பார்த்தாள், விலையைப் பார்த்தாள். கீபோர்டு கண்ணில் படவே இல்லை.

செட்டிங்கில் போய் மாற்றிவிடலாம்தான். ஆனால் விசையில் ஒன்று எழுதியிருக்கும், திரையில் வேறொன்று வரும். பார்த்து அடிக்கிற பையனுக்கு அது பெரிய குழப்பம். தேர்வு நடப்பதோ லேபில் உள்ள சாதாரண கீபோர்டில். திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. இணையத்தில் வாங்கியிருந்தால் பதினான்கு நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம். கடைக்கு நேரில் போய் வாங்கியதற்கு அந்த உரிமை கிடையாது. இரண்டு வருட சட்டப்பூர்வ உத்தரவாதம் தள்ளுபடிப் பொருளுக்கும் உண்டு. ஆனால் அது விற்ற கடையின் பொறுப்பு. கடையோ கடல் தாண்டி இருக்கிறது. கீபோர்டு பிரெஞ்சில் இருப்பது பழுதும் ஆகாது. சார்ஜர் மட்டும்தான் சுலபமாக முடிந்தது. அங்கேயும் இங்கேயும் 230 வோல்ட். பின் வேறு என்பதால் ஒயரை மட்டும் மாற்றினால் போதும்.

“பரவால்லக்கா, ஸ்டிக்கர் ஒட்டிக்கிறேன்” என்றான் தம்பி. சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவள் போனை வைத்துவிட்டு அழுதாள். ஒன்பது ஞாயிறு.

அம்மா அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. எல்லோரும் போன பிறகு பெட்டியை எடுத்து வைக்கும்போது பில் கீழே விழுந்தது. அந்த வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

திருமணத்துக்கு முன், தொண்ணூறுகளில், கடற்கரையை ஒட்டிய ஒரு மொழிபெயர்ப்பாளர் அலுவலகத்தில் அம்மா டைப்பிஸ்டாக இருந்தாள். பிரான்ஸுக்குப் போகிறவர்களின் பிறப்புச் சான்று, திருமணச் சான்று எல்லாவற்றையும் பிரெஞ்சில் அடித்துத் தருகிற இடம். பள்ளியில் படித்த பிரெஞ்சு அங்கே சோறு போட்டது. முதல் பிள்ளை பிறந்த பிறகு வேலையை விட்டாள். அந்தக் கதையைப் பிள்ளைகள் எப்போதாவது கேட்டிருப்பார்கள். கேட்டதோடு சரி.

பில்லின் அடியில் சின்ன எழுத்தில் மூன்று தவணை என்று இருந்தது. தேதியும் தொகையும் வரிசையாக. ஸ்காலர்ஷிப்பில் மிச்சம் இருக்கிறவர்கள் தவணையில் வாங்க மாட்டார்கள்.

மறுநாள் அம்மாவே போன் செய்தாள்.

“ஏம்மா, அந்த மூணு தவணையில எத்தனை முடிஞ்சுது?”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “நாளைக்கு ரெண்டாவதும்மா” என்று சொன்னாள்.

“ஞாயித்துக்கிழமை எப்ப கூப்பிட்டாலும் பின்னாடி கடைச் சத்தம் கேக்குது. சாமான் வாங்கறேன்னு சொல்லுவ. எந்தப் பொண்ணு எல்லா ஞாயிறும் ஆறு மணி நேரம் சாமான் வாங்குவா?”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மளிகைக் கடை, அரிசி மூட்டை, ஷூ. அம்மா திட்டவில்லை. “கடைசித் தவணை கட்டி முடிச்சதும் வர்ற ஞாயித்துக்கிழமை நீ வேலைக்குப் போகாத. தூங்கு. முதல்ல அந்த ஷூவை மாத்து” என்றாள்.

அன்று மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாதபோது அம்மா அந்த லேப்டாப்பைத் திறந்தாள். இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. விரலைப் பழைய இடத்தில் வைத்தாள். எம், எல்லுக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஏ, இடது மேல் மூலையில் இருந்தது. எண்ணுக்கு ஷிஃப்ட். பழைய மெஷினில் ஓங்கித் தட்ட வேண்டும், இதில் தொட்டாலே போதும். அவ்வளவுதான் வித்தியாசம். மனப்பாடமாக இருந்த பிறப்புச் சான்றின் தலைப்பை அடித்தாள். அடுத்த வரியை அடித்தாள். தம்பி சாயந்திரம் வந்தபோது, விசையைப் பார்க்காமல் அம்மா வேகமாக அடித்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, நீ டைப் அடிப்பியா?”

“நீ கேட்டதே இல்லையே.”

அவன் அதை வீடியோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினான். அவள் அதைப் பாரிஸ் மெட்ரோவில் நின்றபடி நாலு தடவை பார்த்தாள். வாங்கும்முன் ஒரு போன் பண்ணி, “எப்படிப்பட்டது வேணும்?” என்று தம்பியைக் கேட்டிருக்கலாம். திடீரென்று கொடுத்துச் சந்தோஷப்படுத்த நினைத்ததில் அது விட்டுப்போனது. அம்மாவை, “உனக்கு என்ன வேணும்?” என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஒவ்வொரு முறையும் தாளிப்பு வடகமும் ஊறுகாயும் கட்டிக் கொடுக்கிறவளிடம் கேட்க வேண்டும் என்றே தோன்றியதில்லை.

அடுத்த வாரம் சொல்தா தாத்தாதான் வழி சொன்னார். அவருக்குத் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவருக்குப் பிரெஞ்சில் பிழையில்லாமல் அடிக்க ஆள் தேவை. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. அலுவலகத்துக்குப் போக வேண்டாம், வீட்டிலிருந்தே அடித்து அனுப்பலாம். அம்மா முதல் மாதம் தயங்கித் தயங்கி அடித்தாள். மூன்றாவது மாதம் மொழிபெயர்ப்பாளரின் பிழையையே திருத்தி அனுப்பினாள்.

அந்தப் பணமும், ஏலச் சீட்டில் வந்த கொஞ்சமும் சேர்த்து, ஜூனில் ஊரிலேயே ஒரு கடையில் பழையதைச் சரிசெய்து விற்கிற லேப்டாப் ஒன்றை 21,000 ரூபாய்க்குத் தம்பிக்கு வாங்கினார்கள். இந்த முறை அவனைக் கூட்டிப்போனார்கள். உட்கார்ந்து பத்து நிமிடம் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றான். ஒரு வருட உத்தரவாதத்தைக் கடைக்காரரிடம் எழுதி வாங்கினார் அப்பா. ரிப்பேர் என்றால் சைக்கிளில் போய்க் கேட்கிற தூரம்.

செப்டம்பரில் படிப்பை முடித்து அவள் ஊருக்கு வந்தபோது, கூடத்தில் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் அந்த லேப்டாப் இருந்தது. மேலே பூப்போட்ட துணி மூடியிருந்தது. அம்மா அடுப்பில் இருந்தாள். அவள் துணியை விலக்கப் போனாள்.

“அதைத் தொடாத” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “நாளைக்குக் குடுக்க வேண்டிய பக்கம் பாதியில நிக்குது.”