வெந்நீர்க் கணக்கு

மக பிரசவத்துக்கு வந்திருக்கா. தாய்க்கும் பிள்ளைக்கும் எங்களுக்கும் சேர்த்து தினம் 5 பக்கெட் வெந்நீர் வேணும். 15 லிட்டர் பக்கெட்டை 20 டிகிரி சூடேத்த ஏறக்குறைய 0.35 யூனிட் கரண்டு பிடிக்கும். ரெண்டு மாசத்துக்குப் பெருக்கினா 105 யூனிட். அரசாங்கம் இலவசமா தர்ற 100 யூனிட்டும் குளியலறையிலயே தீர்ந்துடும்.

"சோலார் போட்டுடலாம் மாமா"ன்னார் மாப்பிள்ளை. ஆம்பூர்ல வெயிலுக்குப் பஞ்சமா? நல்ல தண்ணிக்குத்தான் பஞ்சம். தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாத்துல இறங்கி, 1996-ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வரைக்கும் போன பக்கம் இது. எங்க போர் தண்ணியைக் காய்ச்சினா பாத்திரத்துல வெள்ளையா படியும். அது ஹீட்டர் கம்பியில ஏறிட்டா சூடு தண்ணிக்குப் போகாது, கம்பிதான் வெந்துபோகும். சோலார் குழாயிலயும் இதே படிவுதான். நகரத்துல போர் தண்ணி பிடிக்கிறவங்களும் கொஞ்சம் பாத்துக்குங்க.

மட்டை, பன்னாடை, கொட்டாங்குச்சி எல்லாம் தோப்புலயே விழுது. ஆனா திறந்த அடுப்புல பாதிக்கு மேல சூடு காத்தோட போயிடும். புகை வீட்டுக்காரம்மா நெஞ்சுக்கு. அதனால பரண்ல கிடந்த அம்மா காலத்துச் செம்பு பாய்லரைப் புளி போட்டு விளக்கி இறக்கிட்டோம். நடுக்குழாயில நெருப்பு, சுத்தித் தண்ணி. மட்டை செலவு நல்லாவே குறையுது. தோட்டத்துப் பக்கம் வெட்டவெளியில வச்சதால பிள்ளை கிட்ட புகை வர்றதில்ல. படிவு இதுலயும் பிடிக்கும்தான், சுரண்டி எடுத்துக்கலாம்.