பாட்டு யாருக்குச் சொந்தம்?

(இளம் அறிவியல் இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

தாலாட்டில் தொடங்கி ஒப்பாரியில் முடிவது தமிழர் வாழ்வு. அவ்விரண்டுக்கும் உரிமையாளர் எவருமில்லை. ஆனால் இடையிலே நாம் கேட்கும் திரைப்பாடல்களுக்கெல்லாம் சட்டப்படி உரிமையாளர் உண்டு என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்?

என் தந்தையார் ஊரில் மைக்செட் வைத்திருக்கிறார். குழாய் கட்டிப் பாட்டுப் போட்ட கூலியில்தான் எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக ஒருவன் கல்லூரிப் படி ஏறினான். சென்ற ஆண்டு ஒரு திருமண வீட்டில், "உரிமம் இல்லாமல் பாட்டுப் போட்டால் வழக்கு வரும்" என்று எவரோ மிரட்ட, அன்றைய கூலியை அப்படியே கொடுத்துவிட்டு வந்தார். அதன் பிறகே பதிப்புரிமைச் சட்டத்தைத் தேடிப் படித்தேன்.

1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, சமயச் சடங்குகளில் பாட்டு ஒலிக்கச் செய்வது உரிமை மீறல் ஆகாது என்கிறது. திருமண ஊர்வலமும் திருமணத்தையொட்டிய கொண்டாட்டங்களும் அதில் அடங்கும் என்று விளக்கமும் தருகிறது. 2023 ஜூலையில் மத்திய அரசும் இதைப் பொது அறிவிப்பாக வெளியிட்டது. அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "இது அன்னைக்கே தெரியாமப் போச்சேப்பா" என்றார்.

அப்படியானால் பாட்டைப் படைத்தவர் பட்டினி கிடக்கலாமா? கூடாது. கூலிக்கு எழுதி, இசையமைத்துக் கொடுத்த திரைப்பாடலின் உரிமை, மாறான ஒப்பந்தம் இல்லாவிடில் தயாரிப்பாளருக்கே என்று 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2012இல் வந்த திருத்தமே கவிஞரும் இசையமைப்பாளரும் தம் பங்குத் தொகையை எழுதிக் கொடுத்து இழக்க முடியாதபடி செய்தது. ஓட்டலும் வணிக விழாவும் கட்டணம் செலுத்துவது நியாயமே.

ஆனால் காவல் எல்லை மீறினால் என்ன ஆகும்? அதே 2012இல் '3' என்ற படத்தின் கள்ளப் பிரதியைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆணை பெறப்பட்டது. அதைக் காட்டி இணையச் சேவை நிறுவனங்கள் மே மாதத்தில் தளங்களை முழுமையாகவே முடக்கின. கலைஞர்கள் தம் சொந்தக் குறும்படங்களை வைத்திருந்த விமியோவும் அதில் அகப்பட்டது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான்! குற்றமுள்ள பக்கத்தின் முகவரியை மட்டும் தடுத்தால் போதும் என்று நீதிமன்றமே ஜூனில் தெளிவுபடுத்தியது. இதில் விந்தை என்னவெனில், முந்திய ஆண்டு இணையத்தின் வழியாகவே உலகெங்கும் பரவிய 'கொலவெறி'ப் பாட்டு இப்படத்தினுடையதே.

பாரதியார் பாடல்களின் உரிமையை 1949இல் சென்னை மாகாண அரசு பெற்றது. பின்னர் அவை மக்களின் பொதுச் சொத்தாயின. உரிமைக்கு விலையும் உண்டு, முடிவும் உண்டு என்பதற்கு அது நல்ல சான்று.

மாணவ நண்பர்களே! சட்டம் அறிந்தவனுக்கு வேலி, அறியாதவனுக்கு வலை. நம் பெற்றோரால் படிக்க இயலாத மொழியில் இருக்கும் சட்டங்களைப் படித்து, அவர்கள் திண்ணையில் அமர்ந்து எடுத்துச் சொல்வோம். நாம் பெறும் பட்டத்திற்கு அதுவே முதற் பயனாகட்டும்.