ஹிரோசிமாவில் தனியே ஒரு நாள்

வாணர் பாலத்தைக் கடந்து புங்குடுதீவுக்குள் வந்தால் மடத்துவெளி. அங்கேதான் எங்கள் வீடு இருந்தது. 1991ஆம் ஆண்டு பிள்ளைகளையும் கொண்டு ஊரை விட்டு வெளிக்கிட்டோம். பல வருடங்களின் பின் திரும்பிப் போய்ப் பார்த்தபோது கூரையுமில்லை, கதவு நிலைகளுமில்லை. முன்பக்கச் சுவர் மட்டும் ஆலம் வேர் பிடித்தபடி நின்றது. "அதை இடிச்சுப்போட்டுப் புதுசாக் கட்டுங்கோ அக்கா" என்று தங்கை சொல்லிக்கொண்டே இருக்கிறாள். எனக்கு மனம் வரவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லவும் தெரியவில்லை.

இந்த யோசனையோடு இருக்கும்போதுதான் சென்ற கார்த்திகை மாதம் யப்பானுக்குப் போகக் கிடைத்தது. தங்கையின் மகள் ஹிரோசிமாவில் படிக்கிறாள். தாயும் மகளுமாகச் சேர்ந்து எனக்கு ரிக்கற் எடுத்துத் தந்தார்கள். நான் போய் மூன்றாம் நாள் அவளுக்குப் பரீட்சை. "நான் அறையிலேயே இருக்கிறன் பிள்ளை" என்றேன். "ஏன் பெரியம்மா? தனியப் போய்ப் பார்த்துக்கொண்டு வாங்கோ" என்று சொல்லி, ஒரு தாளில் வீட்டு விலாசத்தை யப்பானிய எழுத்தில் எழுதித் தந்தாள். பின்பக்கத்தில் "எனக்கு இறைச்சி வேண்டாம்" என்றும் எழுதினாள்.

சகோதரிகளே, உண்மையைச் சொன்னால் எனக்குப் பயம்தான். கணவரை இழந்த பிறகு நான் தனியே போகாத இடமில்லை. கச்சேரி, நிவாரணக் கந்தோர், ஆஸ்பத்திரி, சோதனைச் சாவடி என்று எல்லா வரிசையிலும் நின்றிருக்கிறேன். ஆனால் எல்லாம் ஒரு தேவைக்காகத்தான். ஒரு தேவையும் இல்லாமல், சும்மா பார்ப்பதற்கென்று தனியே வெளிக்கிட்டது அன்றுதான் முதல் தடவை. எங்கே போகிறாய், ஏன் போகிறாய் என்று கேட்க அங்கே ஒருவருமில்லை.

டிராம் வண்டி வந்தது. தெருவில் பதித்த தண்டவாளத்தில் மின்சாரத்தில் ஓடும் சின்னப் புகையிரதம் மாதிரி. இறங்கும்போது காசைப் பெட்டிக்குள் போட வேண்டும். 1912ஆம் ஆண்டிலிருந்து இந்த நகரத்தில் டிராம் ஓடுகிறது. யுத்த காலத்தில் ஆண்கள் படைக்குப் போய்விட்டதால், 1943இல் டிராம் கம்பனியே பெண் பிள்ளைகளுக்கு ஒரு பாடசாலை தொடங்கியது. பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் படித்துக்கொண்டே வண்டியும் ஓட்டினார்கள். 1945 ஆகஸ்ட் 6ஆம் திகதி காலை 8.15க்கு அமெரிக்க விமானம் அணுகுண்டைப் போட்டது. அந்த வருட முடிவுக்குள் ஏறத்தாழ 1,40,000 பேர் இறந்தார்கள். ஆனால் மூன்றாம் நாளே ஒரு சிறு துண்டுப் பாதையில் டிராம் மறுபடியும் ஓடியது. தப்பிய பெண் பிள்ளைகளும் அதில் வேலை செய்தார்கள். சாம்பல் மேட்டுக்கு நடுவே அந்த வண்டி வருவதைக் கண்ட சனங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யன்னலோரம் இருந்து யோசித்துக்கொண்டு போனேன்.

இறங்கிய இடத்துக்கு எதிரிலேயே அந்த இடிந்த கட்டடம் நிற்கிறது. 1915இல் செக் நாட்டுக் கட்டடக் கலைஞர் ஒருவர் அமைத்த காட்சி மண்டபம் அது. மேலே கூரையின் இரும்புக் கூடு மட்டும் மிச்சம். கல் உதிர்ந்த சுவர்கள், வெறும் யன்னல் ஓட்டைகள். எனக்குக் கால் நகரவில்லை. எங்கள் வீட்டுச் சுவரைத்தான் கண்டேன்.

அதையும் இடிக்க வேண்டும் என்று ஊரில் பலர் சொன்னார்களாம். பார்க்கப் பார்க்கச் செத்தவர்களின் நினைவு வருகிறது, மனம் தாங்கவில்லை என்பது அவர்கள் நியாயம். மற்றவர்கள், இது இருந்தால்தான் நடந்ததை வருங்காலப் பிள்ளைகள் நம்பும் என்றார்கள். பல வருடங்கள் வாதம் நடந்து, 1966இல் நகரசபை அதைப் பாதுகாப்பதென்று தீர்மானித்தது. சனங்கள் காசு சேர்த்துக் கொடுத்தார்கள். 1996இல் அது உலக மரபுரிமைச் சின்னமானது.

அருகிலுள்ள பூங்காவில் சடாக்கோ என்ற சிறுமியின் நினைவுச் சின்னம் இருக்கிறது. குண்டு விழுந்தபோது அவளுக்கு இரண்டு வயது. 1955இல் இரத்தப் புற்றுநோயால் இறந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து காகிதக் கொக்குகள் மடித்தவள் அவள். பாடசாலைப் பிள்ளைகள் காசு சேர்த்து 1958இல் அந்தச் சின்னத்தை எழுப்பினார்கள். உலகமெங்குமிருந்து பிள்ளைகள் அனுப்பும் கொக்குகள் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் வண்ண வண்ணமாகத் தொங்குகின்றன.

நூதனசாலைக்குள் ஒரு சாப்பாட்டுப் பெட்டி வைத்திருக்கிறார்கள். பாடசாலைப் பையன் ஒருவனுடையது. அவனைத் தேடிப்போன தாய், அவன் உடலின் கீழே அதைக் கண்டெடுத்தாள். அவள் கட்டிக் கொடுத்த சாப்பாடு கரியாகி அப்படியே உள்ளே இருக்கிறது. அதற்கு மேல் பார்க்க முடியாமல் வெளியே வந்து ஆற்றங்கரை வாங்கில் இருந்து அழுதேன். பக்கத்தில் இருந்த ஒரு வயதான அம்மா ஒன்றும் கேட்கவில்லை. கடதாசிக் கைக்குட்டையை எடுத்து நீட்டினார்.

மத்தியானம் பசித்தது. அந்த ஊரின் பெயர்பெற்ற சாப்பாடு ஒக்கோனொமியாக்கி. சூடான இரும்புத் தகட்டில் தோசை மாதிரி மெல்லியதாக மாவை ஊற்றி, அதன்மேல் குவியலாகக் கோவாவும் நூடில்சும் முட்டையும் வைத்துப் புரட்டி எடுக்கிறார்கள். தாளைக் காட்டியதும் கடைக்காரப் பெண் தலையசைத்து, பன்றி இறைச்சியைத் தள்ளி வைத்தார். இதன் கதையைப் பெறாமகள் முதல்நாளே சொல்லியிருந்தாள். யுத்தத்தின் பின் அரிசிக்குத் தட்டுப்பாடு. நாங்கள் 'அமெரிக்கன் மா' என்று சொல்வோமே, அந்த வெள்ளை மா உதவியாக வந்தது. கணவனை இழந்த பெண்கள் பலர் வீட்டு முன்னறையில் ஒரு தகட்டை வைத்துக் கடை தொடங்கினார்கள். காணாமற்போன உறவினர் தேடி வந்தால் அடையாளம் காணட்டும் என்று தங்கள் பெயரையே கடைக்கு வைத்தவர்களும் உண்டாம். இடம்பெயர்ந்த நாட்களில் நிவாரண மாவில் ரொட்டி சுட்டு விற்றுப் பிள்ளைகளைப் படிப்பித்தவள் நான். அந்தத் தகட்டுக்கு முன்னால் இருந்தபோது எனக்கு அது அந்நிய நாடாகத் தெரியவில்லை.

பின்னேரம் சுக்கேயென் என்ற பழைய தோட்டத்துக்குப் போனேன். 1620இல் அமைத்தது. குண்டில் அதுவும் எரிந்தது. ஆனால் அங்கே ஒரு கிங்கோ மரம் தப்பிச் சரிந்தபடி நிற்கிறது. நான் போனபோது இலையெல்லாம் மஞ்சள். இப்படித் தப்பிய மரங்கள் நகரில் ஏறத்தாழ 160 உண்டு. ஒவ்வொன்றுக்கும் பெயர்ப் பலகை வைத்துப் பராமரிக்கிறார்கள். எழுபத்தைந்து வருடங்களுக்கு இந்த மண்ணில் புல்லும் முளையாது என்று அப்போது கதைத்தார்களாம். முளைத்துப் பூத்தவற்றில் அலரியும் ஒன்று. இன்று அதுதான் நகரத்தின் பூ. எங்கள் கோயில் வீதிகளில் நிற்கும் அதே செவ்வலரிதான்.

மரத்தடியில் வெயில் சாயும்வரை இருந்தேன். அப்போதுதான் ஒன்று விளங்கியது. அவர்கள் இடிந்த நகரம் முழுவதையும் அப்படியே வைத்திருக்கவில்லை. ஒரு கட்டடத்தை நினைவுக்கு விட்டு, மற்ற இடமெல்லாம் வீடு கட்டி, டிராம் ஓட்டி, கடை போட்டு வாழ்கிறார்கள். நினைவுக்கும் இடம் வேண்டும், சீவியத்துக்கும் இடம் வேண்டும்.

இருட்டமுன் ஒருவரிடமும் வழி கேட்காமலே திரும்பி வந்துவிட்டேன். இரவு தங்கைக்கு ரெலிபோன் எடுத்தேன். "வேரை வெட்டிச் சுவரில் ஒரு துண்டை மட்டும் விடுவம். அதுக்குப் பின்னால முதலில குசினியைக் கட்டுவம்" என்றேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி அக்கா, கிணத்தையும் இறைப்பிக்க வேணும்" என்றாள்.

சகோதரிகளே, எல்லோருக்கும் யப்பான் போகக் கிடைக்காது. ஆனால் வருடத்தில் ஒரு நாளாவது ஒரு தேவையும் இல்லாமல் தனியே வெளிக்கிட்டுப் பாருங்கள். குறிகட்டுவானில் வள்ளமேறி நயினாதீவுக்குப் போய்க் கடற்கரையில் இருந்துவிட்டு வந்தாலும் போதும். பிள்ளைகளுக்கும் வீட்டுக்கும் ஓடி ஓடி, எங்களுக்காக நடக்க மறந்துபோனோம். அந்த ஒரு நாளை நாங்களே எங்களுக்குக் கொடுத்தால்தான் உண்டு.